திரு. இல்லை

லோகநாதன் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு வந்திருந்தான். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவுக்கு யாராவது கஞ்சிச் சட்டையில் வருவார்களா? இங்கே வருகிறவர்கள் ஒன்று பிள்ளை பெற்ற வீட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வருவார்கள், அல்லது எழவு வீட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வருவார்கள். இவன் மட்டும் மீசையை ஒதுக்கி, நெற்றியில் திருநீறு இழுத்து, பெண் பார்க்க வந்தவன் போல எதிர் வரிசை இரும்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று கோகிலவாணி நினைத்தாள். நினைத்ததுமே, பெண் பார்க்கத்தானே வந்திருக்கிறான் என்று சுருக்கென்றது. அவள் பெண்ணை. எட்டு வயசு நறுமுகையை. ஒரு நாள் பீத்துணி அலசாமல், ஒரு காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்காமல், ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டு அள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று வந்திருக்கிறான். மனுவின் நகல் தபாலில் வந்தபோது அவள் நின்றபடியே நாலு தடவை படித்தாள். தன் மகளின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் ‘இல்லை’ எனத் தவறுதலாகப் பதிவாகியிருப்பதால் அதை ‘லோகநாதன்’ எனத் திருத்தித் தர வேண்டுமாம். தன் மகளின். எழுதிய கை அழுகாதா? டோக்கன் நாற்பத்தாறு. மனுதாரருக்கும் எதிர்மனுதாரருக்கும் சேர்த்து ஒரே டோக்கன்தான் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். கோர்ட்டில் அறுத்துக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகப்போகிறது, இந்த ஊர் இன்னும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றைத்தான் கொடுக்கிறது. இப்போது முப்பத்தொன்பது ஓடுகிறது. ஓடட்டும். அவளுக்கு அவசரமில்லை. மடியில் இருக்கும் பையில் பழுப்புக் கவர் இருக்கிறது, கவரில் இரண்டு தாள் இருக்கின்றன, ஒரு தாள் போதும் அந்தக் கஞ்சிச் சட்டையைக் கசக்க. பன்னிரண்டு வருஷம் பொறுத்தவளுக்கு ஏழு டோக்கன் பொறுக்க முடியாதா என்ன? பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அந்த ‘இல்லை’ வந்த கதை அவளுக்கு நினைத்தால் சிரிப்பு வரும், சிரித்து முடிப்பதற்குள் வயிறு எரியும். இதே கட்டடம், இதே மாடி, அப்போது சுவர் மட்டும் வேறு நிறம். பன்னிரண்டு நாள் பிள்ளையை ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் நல்ல மனுஷர்தான், பிள்ளைக்கு ஃபேன் காற்று படாமல் தள்ளி நிற்கச் சொன்னவர். அம்மா பேரு? கோகிலவாணி. அப்பா பேரு? இல்லீங்க. அவர் தலை நிமிராமல் தட்டினார். முகவரி? சொன்னாள். சான்றிதழை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவள், மூன்று வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள். தந்தை பெயர் என்ற கட்டத்தில் தமிழில் ‘இல்லை’ என்றும், அதன் கீழே இங்கிலீஷ் எழுத்தில், மாரியப்பன், பழனிச்சாமி என்று எழுதுவதுபோலவே ஐ, எல், எல், ஏ, ஐ என்றும் இருந்தது. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? கட்டத்தில் விழுந்தது பெயர் என்று எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்து இ. நறுமுகை என்று எழுதினார்கள். பிறகு இல்லை என்கிற அந்த மனுஷன் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டான். ஆதார் அட்டையில் வந்தான். தடுப்பூசி நர்சு சைக்கிளை நிறுத்திவிட்டு, “ஏனுங்க, இல்லைங்கறவரு ஊட்டுல இருக்காருங்களா?” என்று கேட்டாள். இல்லீங்க என்றாள் கோகிலவாணி. “எப்ப வருவாருங்?” வரமாட்டாருங்க. நர்சு பாவம், இறந்துவிட்டார் என்று நினைத்து உச்சுக்கொட்டினாள். பெற்றோர் கூட்டத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து திரு. இல்லை அவர்களுக்கு என்று அழைப்பு வந்தது. மாற்றியிருக்கலாம். ஒரு மனுவும் அரைநாள் லீவும் போதும். அவள் மாற்றவில்லை. முதலில் சோம்பல், பிறகு அதில் ஒரு ருசி. ஏனென்றால் அந்தச் சொல் யாருடையது என்று இந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நாற்பது. ஒரு கிழவர் மெல்ல எழுந்து உள்ளே போனார், கையில் மயான ரசீது. லோகநாதன் பக்கத்தில் அவன் பெண்டாட்டி சுதாமணி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் பெண்டாட்டி என்று ஊர் சொல்லும், அவளுக்கு அது பட்டப்பெயர் போல ஆகிவிட்டது. ஃபைலுக்குள் தீர்ப்பு நகல் இருக்கும். கணக்கைக் கண்டுபிடித்தவன் எவனோ ஒரு வக்கீல். விவாகரத்துத் தீர்ப்பான நாளிலிருந்து இருநூற்று எண்பது நாளுக்குள் பிள்ளை பிறந்து, தாய் மறுகல்யாணம் செய்யாமல் இருந்தால், பழைய புருஷன்தான் அப்பன் என்று சட்டம் எடுத்துக்கொள்ளுமாம். இருபத்தெட்டு நாள் மாசக்கணக்கில் அது சரியாகப் பத்து மாசம். பத்து மாதம் சுமந்தேன் என்று தாய்மார்கள் சும்மா சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான் எண்ணுகிறது. நறுமுகை பிறந்தது இருநூற்று எழுபத்தோராவது நாள். பத்து நாள் பொறுத்திருந்தால்! ஆனால் அவளால் எப்படிப் பொறுத்திருக்க முடியும்? பிள்ளைக்கு ஊசி போடுகிற கோயம்புத்தூர் டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தாள், கல்யாணம் ஆனவளாக வந்தால் புருஷன் கையெழுத்து வேண்டும், தனியாளாக வந்தால் உங்கள் கையெழுத்தே போதும், தீர்ப்புக் காப்பியைக் கொண்டு வாருங்கள் என்று. தீர்ப்பான ஒன்பதாம் நாள் காப்பியின் மை காய்வதற்குள் போய்ப் படுத்தாள். முப்பத்திநாலு வயசு. லோகநாதன் வீட்டில் அடுத்த முகூர்த்தத்துக்குப் பந்தக்கால் நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள், அவன் புதுப்பெண்டாட்டி மசக்கையில் வாந்தி எடுப்பதற்கு முன்னால் தான் எடுக்க வேண்டும் என்று வெறி. பிள்ளை ஆசை இல்லாமலா? இருந்தது, அது பதினைந்து வயசிலிருந்தே இருந்தது. ஆனால் அந்த ஒன்பது நாள் ஓட்டம் ஆசையினால் இல்லை, வன்மத்தினால். வன்மத்துக்கு நாள் எண்ணத் தெரியாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அவள் ஆத்திரம்தான் இன்றைக்கு அவன் கையில் இருநூற்று எழுபத்தொன்று என்று ஒரு எண்ணாகப் போய் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்கும்போது மட்டும் அவளுக்குத் தலை குனியும். தீர்ப்புக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு மத்தியானம் அவன் அவளுடைய சீர்ப்பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தான். மழை பிடித்துக்கொண்டது. குத்துவிளக்கைத் துணியில் சுற்றித் தானே துடைத்துக் கொண்டுவந்திருந்தான், அதைப் பார்த்ததும் ஏழு வருஷம் குடும்பம் நடத்திய உடம்பு ஒரு நிமிஷம் புத்தி கெட்டுப் போயிற்று. அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் தூரமாகி ஒரு தடவை தலைக்குக் குளித்தும் ஆகிவிட்டது, அது அவளுக்குத் தெரியும், அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் அந்த மழையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவள் ஊசி போட்டுப் பெற்றேன் என்று சொல்வதெல்லாம் வீம்பு, பிள்ளை தன்னுடையது, தன்னைப் பழிவாங்கத்தான் மறைக்கிறாள் என்று ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். மனதார நம்புகிறான், நம்பும்படி செய்தவள் அவள்தான். பன்னிரண்டு வருஷம் முன்னால் விந்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் வாங்கப் போக அவனுக்குப் பயம். இவள்தான் போனாள். பஸ் ஸ்டாண்டு மாடியில் இருந்த அந்த லேபில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தாள். மொத்த எண்ணிக்கை என்று எழுதி, எதிரில் ‘நில்’ என்று இருந்தது. இங்கிலீஷ் எழுத்துத்தான், ஆனால் அவள் முதலில் தமிழாகவே படித்தாள். நில். நின்றுவிட்டாள். எண்ணிக்கை குறைவு என்று இல்லை, பாதி என்று இல்லை, சுத்தமாக இல்லை. வீட்டுக்கு வந்தபோது அவன் மாட்டுக்குத் தீவனம் கரைத்துக்கொண்டிருந்தான், முழங்கை வரைக்கும் புண்ணாக்கு, கண்ணில் பரீட்சை ரிசல்ட் கேட்கிற பையனின் பயம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை. உங்களுக்கு எல்லாம் சரியா இருக்குதுங்க, கொறை எனக்குத்தானாம் என்றாள். அவன் அழுதான், அவளைக் கட்டிக்கொண்டு, பரவால்ல விடு, நீ எனக்குப் போதும் என்றான். ஐந்து மாசம் போதுமாக இருந்தாள். ஆறாம் மாசம் அவன் அம்மா, இவள் டம்ளரில் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, மலட்டு மாட்டுக்குத் தீவனம் எதுக்கு என்று கேட்டாள். அவன் காதில் விழுந்தது. அவன் காப்பியை ஆற்றிக் குடித்தான். அந்தக் காப்பி ஆற்றும் சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. ஒரு வார்த்தை, அம்மா சும்மா இரு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் அந்தத் தாளை அடுப்பில் போட்டிருப்பாள்.

நாற்பத்திரண்டு. அடுப்பில் போடவில்லை. கோர்ட்டிலும் நீட்டவில்லை. ஏன் நீட்டவில்லை என்று தங்கை கேட்டபோது மானம் என்றாள். மானமாவது மண்ணாவது. சொல்லாமல் விடுவதுதான் பெரிய தண்டனை என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. இன்னொருத்தியைக் கட்டட்டும், அங்கேயும் தொட்டில் ஆடாமல் கிடக்கட்டும், காரணம் தெரியாமல் கோயில் கோயிலாகச் சுற்றட்டும். அதுதான் அவள் வைத்த செய்வினை, எலுமிச்சம்பழம்கூட வேண்டியிருக்கவில்லை. பால் குளிரூட்டும் நிலையத்தில் அவளுக்கு டிகிரி பார்க்கிற வேலை. காலையில் கேன் கேனாக வரும் பாலில் பால்மானியை விட்டு, யார் வீட்டுப் பாலில் தண்ணி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். கேன் கொண்டுவருகிறவர்கள் சேதியும் கொண்டுவருவார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆச்சு, சுதாமணிக்கும் ஒன்றுமில்லையாம். அன்றைக்குக் கோகிலவாணி கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றாள். ஈரோட்டுக்குப் போனார்களாம், ஊசியாம். கர்ப்பப்பையைக் கழுவினார்களாம். மாத்திரை தின்று உடம்பு ஊதிப் போச்சாம். ஆம்பளைக்கும் பார்க்கணும் என்று ஒரு டாக்டர் சொன்னதற்கு இவன், எனக்கு முன்னாலேயே பாத்தாச்சு, எல்லாம் சரியா இருக்குது என்று எழுந்து வந்துவிட்டானாம். ஒவ்வொரு சேதிக்கும் அவள் உள்ளுக்குள் நன்றாக வேணும் என்று சொல்லிக்கொள்வாள். இதே ஊர்தான் நறுமுகையை ஊசிக்கன்னு என்று சொன்னது. சொன்னவன் வீட்டு மாடு எல்லாமே ஊசியில் சினை பிடித்ததுதான், காளையைக் கண்ணால் பார்த்த மாடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்று கிடையாது. மாட்டுக்கு ஊசி போட்டால் பெருமை, நல்ல ஜாதிக் காளைங்க என்று சொல்லிக் கன்றைத் தடவிக் காட்டுவான். மனுஷிக்குப் போட்டால் கை கொட்டிச் சிரிப்பான்.

“அக்கா, தண்ணி குடிக்கறீங்ளா?” சுதாமணிதான். லோகநாதன் ஜன்னல் பக்கம் போன் பேசப் போன நேரம் பார்த்து எழுந்து வந்து பாட்டிலை நீட்டினாள். வேண்டாங்க என்றாள் கோகிலவாணி, முகத்தைத் திருப்பாமல். பாட்டில் நீட்டிய கையில் முழங்கை மடிப்பில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு கன்றல் தெரிந்தது, நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திப் பார்த்த இடம். சுதாமணி சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டாள். “பாப்பா எப்படிங்க்கா படிக்குது?” நல்லா படிக்கறா. “அவருதான் கேக்கவே மாட்டீங்கறாரு. நான் சொன்னேனுங், எதுக்கு இதெல்லாம்னு.” கோகிலவாணி பையை இழுத்து மடியில் சரியாக வைத்தாள். இவளுக்கு எதற்கு என் பிள்ளை படிப்பு? வந்து வளர்க்கப் போகிறாளா? இவளும் சேர்ந்துதானே வந்திருக்கிறாள், ஃபைல் தூக்கிக்கொண்டு. நல்லா வேணும். ஆனால் இந்தத் தடவை அது வழக்கம்போல இனிப்பாக இறங்கவில்லை. அவள் பார்வையை டோக்கன் பலகைக்குக் கொண்டுபோனாள்.

நாற்பத்திநாலு. கவரில் இருக்கும் இரண்டாவது தாளை அவள் இன்றைக்கு யாருக்கும் காட்டப் போவதில்லை. பிறகு எதற்குக் கொண்டுவந்தாள்? வீட்டில் வைத்துவிட்டு வரப் பயம், அவ்வளவுதான். அது டாக்டரம்மா கொடுத்தது. விந்து கொடுத்தவரின் பெயர் அதில் இருக்காது, சட்டம் விடாது. அவருக்குப் பிள்ளை மேல் உரிமையும் கிடையாது, கடமையும் கிடையாது. ரத்தம் ஓ பாசிட்டிவ், உயரம் ஐந்தடி எட்டு, மாநிறம், படிப்பு பட்டம், சர்க்கரை நோய் குடும்பத்தில் இல்லை, ஒரு நம்பர், இப்படி எட்டு வரி. நறுமுகைக்கு ஊசி சமாச்சாரம் தெரியும், ஐந்து வயசிலேயே சொல்லிவிட்டாள், ஊர் சொல்லித் தெரிவதைவிடத் தான் சொல்வது மேல் என்று. தாளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. போன சித்திரையில் பக்கத்துத் தோட்டத்தில் மாடு ஈன்றது. மாட்டு டாக்டர் வந்து கன்றுக்குக் காதில் மஞ்சள் வில்லை மாட்டி, அட்டையில் காளை நம்பர் எழுதினார். நறுமுகை குனிந்து அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போது, “கன்னுக்குட்டிக்குக்கூட அவங்கப்பா நம்பர் இருக்குதும்மா. எனக்கு ஒண்ணும் எழுதலையா?” என்றாள். சோத்தைத் தின்னு என்றாள் கோகிலவாணி. “நெசமா ஒண்ணும் இல்லையா?” இல்லை. வாயில் அது அவ்வளவு சுலபமாக வந்தது. பிள்ளை நம்பிவிட்டது, நம்பிக் குழம்பு கேட்டது. பெரியவளானதும் கொடுக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம். எட்டு வரியில் என்ன பயம்? அந்த எட்டு வரி வந்துவிட்டால் திரு. இல்லை போய்விடுவான், அந்த இடத்தில் ஐந்தடி எட்டு உயரத்துக்கு ஒரு ஆள் நிற்பான், பிள்ளை கண்ணாடியில் அவனைத் தேடும். இத்தனை வருஷமாக அந்தக் கட்டத்தில் இருந்தது பிள்ளையின் அப்பன் இல்லை, இவளுடைய பகையாளி. இல்லை என்றால் நில், நில் என்றால் லோகநாதன். எழுதியவருக்கே தெரியாமல் அவன் பெயர்தான் அங்கே எழுதியிருக்கிறது. அவன் மனுப் போட்டு மாற்றச் சொல்கிறானே, அவன் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போடச் சொல்கிறானே, முட்டாப்பயல்! அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல் இருந்தது. மூன்று பக்கம் வாக்குமூலம் எழுதிப் பையில் வைத்திருக்கிறாள். மழை தவிர எல்லாம் அதில் இருக்கிறது. மலட்டு மாடு இருக்கிறது, காப்பி ஆற்றியது இருக்கிறது, ‘நில்’ இருக்கிறது. கடைசி வரி, மனுதாரர் ஆண்மையற்றவர் என்று. டாக்டர் அப்படிச் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும், எண்ணிக்கை வேறு, ஆண்மை வேறு. தெரிந்தேதான் எழுதினாள். எல்லார் எதிரிலும் சத்தமாக வாசிக்கப் போகிறாள். நாற்பத்தாறு என்று கூப்பிட்டார்கள்.

பதிவாளர் ஒரு அம்மாள், மேஜையில் ஒரு சின்னப் பிள்ளையார், பக்கத்தில் மூடி வைத்த டிபன் டப்பா. லோகநாதன் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தான். “கொழந்தைக்கு அப்பன் நாந்தானுங்க. தேதியைப் பாருங், இருநூத்தி எழுபத்தோரு நாளு. எனக்கு ஒரு கொறையும் இல்லைன்னு அப்பவே டெஸ்ட்டு பாத்தாச்சுங்க. இவளேதான் ரிப்போர்ட்டு வாங்கியாந்து என்றகிட்டச் சொன்னா. வேணும்னா கேளுங்.” தானாகவே வந்து கழுத்தை நீட்டுகிறான். கோகிலவாணியின் விரல் பைக்குள் போய்விட்டது, கவரைத் தொட்டுவிட்டது. பதிவாளரம்மா இவளைப் பார்த்தாள். “நீங்க சொல்றதை எழுதிக் குடுத்தாலும் சரிம்மா, ஃபைல்ல வெச்சுருவேன். ஆனா ஒண்ணு, யோசிச்சுக் குடுங்க. வெச்ச காயிதத்தை அப்பறம் எடுக்க முடியாது. நாளைக்கு அந்தப் புள்ளை பெருசாயி வந்து நகல் கேட்டாலும் எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துருவோம்.” விரல் நின்றுவிட்டது. பதினெட்டு வயசு நறுமுகை இதே நாற்காலியில் உட்கார்ந்து மூன்று பக்கத்தைத் திருப்புகிறாள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடுகிறாள். மாடு இருக்கிறது, காப்பி இருக்கிறது, இவன் இருக்கிறான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பிள்ளை ஒரு இடத்திலும் இல்லை. “என்னம்மா, இவரு கொழந்தைக்கு அப்பாங்களா?” எதற்கும் ‘இல்லீங்க’ என்று இழுத்துப் பேசிப் பழகியவள், இன்றைக்கு அந்த ‘ங்க’வைப் போடாமல் சொன்னாள். இல்லை. பதிவாளரம்மா சான்றிதழைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். “இங்கயும் அதேதான் போட்டிருக்குது. அம்மா ஒத்துக்காம நாங்க பேரை மாத்த முடியாதுங்க, கோர்ட்டுக்குத்தான் போகோணும்.” பிறகு இவளிடம், “இந்த இல்லைங்கறது பேரு மாதிரி ஏறிருக்குது. எடுத்துட்டுக் கட்டத்தைக் காலியா உட்டரலாம். அதுக்கு நீங்க தனியா மனுக் குடுக்கோணும்” என்றாள். கேட்டுட்டுச் சொல்றனுங்க என்றாள் கோகிலவாணி. “யாரைக் கேக்கோணும்?” எம்புள்ளையைத்தானுங்க என்று சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

வெளியே வந்ததும் லோகநாதன், “கோர்ட்டுல பாத்துக்கறேன், டி.என்.ஏ. எடுத்தாப் பல்லு இளிக்கும்” என்று சொல்லிவிட்டு வக்கீலுக்குப் போன் போடப் படியிறங்கிப் போனான். எடு, எடுத்துப் பார், யாருக்குப் பல் இளிக்கிறது என்று பார்ப்போம் என்று அவளுக்கு மறுபடியும் சூடு ஏறியது. வெறும் ஒரு சொல்லோடு விட்டுவிட்டோமே! ஃபைலில் வைக்காவிட்டால் என்ன, தாள் கையில்தானே இருக்கிறது? அவனிடமே கொடுக்கலாம், ஆனால் கிழித்துப் போட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போவான். அவன் மறைக்க முடியாத இடத்தில் போட வேண்டும், தினமும் அவனுக்குச் சோறு போடுகிற கையில் போட வேண்டும். இரும்பு நாற்காலியில் சுதாமணி ஃபைலுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி கவரிலிருந்து ஒரு தாளை உருவி அவள் மடியில் வைத்தாள். படிங்க என்றாள். அந்த நிமிஷம் அவள் மனசு ஜில்லென்று இருந்தது, பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்து.

ஆறு வருஷம் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்தவளுக்கு ரிப்போர்ட் படிக்க டாக்டர் தேவையில்லை. சுதாமணியின் கண் மேலே இருந்த பெயரைப் பார்த்தது, நேராகக் கீழே இறங்கி ‘நில்’லில் நின்றது, திரும்ப மேலே போய்த் தேதியைப் பிடித்தது. அவள் விரல் விட்டு எண்ணினாள்.

“இது எங்க கல்யாணத்துக்கு மூணு வருசம் முந்துனதுங்க்கா.”

“ஆமா.”

“அவருக்குத் தெரியுமுங்ளா?”

“தெரியாது. நான் மாத்திச் சொல்லிட்டேன்.”

அழுவாள் என்று கோகிலவாணி நினைத்தாள். அடித்துக்கொள்வாள், அவனைச் சபிப்பாள், அக்கா கும்பிடறனுங்க என்பாள், இப்படிப் பல விதமாக இத்தனை வருஷம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். சுதாமணி தாளை மடியில் தேய்த்து நீவினாள். நீவும்போது தலைப்பு விலகி அந்தக் கன்றல் மறுபடி தெரிந்தது.

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது” என்றாள். சத்தம் உயரவில்லை. “எனக்கு ஒவ்வொரு ஊசி போடறப்பவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. போன மாசம் கழுவுனாங்களே, அப்பவும். நம்ம ஊருதானுங்க்கா, பால்கேனுல சேதி வந்திருக்குமே. உங்களுக்கு வரலைங்ளா?”

மைசூர்பாகின் நெய் வாசம் எங்கிருந்தோ வந்து கோகிலவாணியின் மூக்கில் ஏறியது.

“தெரியவே தெரியாதுன்னு சொல்லுங்க. இல்லைன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க்கா, நான் நம்பிக்கறேன்.”

காலையிலிருந்து நாக்கிலேயே வைத்திருந்த சொல். பிள்ளை கேட்டபோது சுலபமாக வந்த சொல், சற்றுமுன் மேஜையில் அறைந்த மாதிரி வந்த சொல். வாயைத் திறந்தாள், வரவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். படியில் லோகநாதனின் செருப்புச் சத்தம் கேட்டது. “என்ன அவகோட பேச்சு?” என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

“உக்காருங்க” என்றாள் சுதாமணி அவனிடம். அவள் குரலில் ‘ங்க’ இருந்தது, மரியாதை இல்லை. கிளம்பத் திரும்பிய கோகிலவாணியின் முந்தானையை எட்டிப் பிடித்தாள். “நீங்களும்தானுங்க்கா. போயராதீங்க. ரெண்டு பேரும் உக்காருங்க.”

கஞ்சிச் சட்டை நொறுங்க அவன் உட்கார்ந்தான். ஒரு நாற்காலி தள்ளி, அதே வரிசையில், கோகிலவாணியும் உட்கார்ந்தாள். மடியில் கவர் இருந்தது, கவரில் இன்னும் ஒரு தாள் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. நறுமுகைக்குப் பள்ளிக்கூடம் விட நாலு மணி ஆகும்.